'முதல்' என்னும் சொல்: இலக்கணம், கணக்கு, பொருளியல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் 'முதல்' என்னும் சொல் தொடக்கம், காரணம், மரத்தின் அடி, முழுப்பொருள், வட்டிக்கு விடும் தொகை, தொழிலில் இடும் பொருள் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணிட்டு நிறுத்துகின்றன. கணிதப் பாடநூல் 'அசல்' என்றும், பொருளியல் 'மூலதனம்' என்றும் வேறு சொற்களைக் கொண்டுவிட்டன. 'முதல்' ஒரு பொருளின் பெயரன்று. ஒன்றுக்கும் அதிலிருந்து தோன்றும் மற்றொன்றுக்கும் உள்ள உறவின் பெயர் என்பதை இலக்கண, கல்வெட்டு, கணித, சட்டச் சான்றுகளின்வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அவ்வுறவு மறையும்போது கடன் கணக்கிலும் கலைச்சொல்லாக்கத்திலும் நேரும் குழப்பங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: முதல், அசல், மூலதனம், பொலிசை, வினைமுதல், முதலாளி

அகராதியில் முதல்

இலாபத்தை எதிர்பார்த்த இடத்தில் போட்டதும் போய்விட்டால் 'முதலுக்கே மோசம்' என்பது மக்கள் வழக்கு. வணிகத்தில் மட்டுமன்று, உடல்நலம், குடும்பம், தேர்வு என எதைப் பற்றியும் இத்தொடர் சொல்லப்படுகிறது. கேட்பவர் எவரும் 'முதல்' என்பதற்கு இங்கே என்ன பொருள் என்று வினவுவதில்லை. எதை நம்பி மற்றவை நிற்கின்றனவோ அது என்று உணர்ந்துகொள்கின்றனர்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-1936) இச்சொல்லுக்குத் தொடக்கம், காரணம், கடவுள், வேர், முதற்பொருள் எனப் பல பொருள்களை எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. பழம்பிரதிகளைப் படிப்பவருக்கு இம்முறை பெரிதும் பயன்படும். ஆயினும் எண்ணிடும் முறை ஒரு கருத்தைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இவை ஒரே ஒலியில் தற்செயலாகக் கூடிய வெவ்வேறு பொருள்கள் என்பதே அக்கருத்து. வட்டித்தொகையைக் குறிக்கும் முதலும் மரத்தின் அடியைக் குறிக்கும் முதலும் ஒரே எண்ணத்தின் இரு நிலைகள் என்பதை அகராதியின் அமைப்பிலிருந்து மாணவர் ஒருவர் அறிய வழியில்லை. சமகால வழக்கை எல்லையாகக் கொண்ட பிற்கால அகராதிகளிடம் இதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. குறை அகராதியாளரைச் சார்ந்ததன்று. இச்சொல்லைத் துறைவாரியாகப் பங்கிட்டுக்கொண்ட ஆய்வு மரபைச் சார்ந்தது. இலக்கண முதலை இலக்கண ஆசிரியரும், வட்டி முதலைக் கணக்காசிரியரும் தத்தம் எல்லைக்குள் விளக்கி அமைந்துவிட்டனர்.

இலக்கண மரபில் முதல்

தொல்காப்பிய அகத்திணையியல் முதல், கரு, உரி எனப் பகுத்து, நிலமும் பொழுதும் முதல் என்கிறது. இடமும் காலமும் ஏன் முதலாயின? அவை பாடலில் முதலில் வருவதனாலோ, பிறவற்றினும் சிறந்தவை என்பதனாலோ அன்று. பாடலில் பயின்று வருமிடத்து முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறப்புடையன என்று அதே இயல் கூறுகிறது. எனவே முதல் என்பது இங்கே மதிப்பின் வரிசையன்று. மற்றவை தோன்றவும் நிகழவும் இடந்தருவது முதல்.

சொல்லதிகாரத்தில் 'முதலும் சினையும்' என்னும் இணை வருகிறது. யானை முதல், அதன் கோடு சினை. எழுத்தியலில் முதலெழுத்து முப்பது. அவற்றைச் சார்ந்து வருவன சார்பெழுத்து. சினையின்றி முதலைப் பற்றியும், சார்பின்றி முதலெழுத்தைப் பற்றியும் பேச இலக்கண நூலாருக்குத் தேவை எழவில்லை. முதல் எப்போதும் தனக்கொரு துணைச்சொல்லை வேண்டி நிற்கிறது. 'முதல்' உருபுபோல் நின்று 'காலை முதல்' என வரும்போதும் 'மாலை வரை' என்றொன்றை எதிர்நோக்குவதைக் காண்க.

திருக்குறளின் முதற்பாடலிலேயே இச்சொல் இருமுறை வருகிறது. ஓரிடத்தில் எழுத்தின் வரிசை, மற்றோரிடத்தில் உலகின் காரணம். வரிசையைக் காட்டிக் காரணத்தை விளக்குவதே அப்பாடலின் உவமை. ஒரே சொல் இரண்டையும் தாங்குவதால்தான் உவமை அவ்வளவு எளிதாக நடக்கிறது. 449ஆம் குறளில் முதல் வணிகரின் கைப்பொருளாகிறது. அதற்கு எதிர்நிலையில் ஊதியம் வைக்கப்படுகிறது. 463ஆம் குறள் ஆக்கத்தை நம்பி முதலை இழக்கும் செயலைப் பேசுகிறது. இவ்விரு குறள்களும் பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்துசெயல்வகை ஆகிய அதிகாரங்களில் இடம்பெற்றுள்ளன. வணிகம் பற்றிய அதிகாரத்தில் அல்ல. அரசனுக்கும் ஆட்சிக்கும் அறிவுரை கூறுமிடத்தில் கணக்குச்சொல் கருத்துச்சொல்லாகப் பயன்பட்டிருக்கிறது. சினைக்கு முதல் போல ஊதியத்திற்கு முதல் என்ற உறவு அங்கே முழுமையாக உருப்பெற்றுவிட்டது.

மண்ணா, குயவனா?

முதல் காரணத்தைக் குறிக்குமிடத்தில் தமிழ் மரபுக்குள்ளேயே ஒரு முரண் தென்படுகிறது. இது போதிய கவனம் பெறவில்லை. சைவ சித்தாந்த நூலார் குடத்திற்குக் காரணம் கூறுமிடத்து மண்ணை முதற்காரணம் என்றும், திரிகையைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பிரிப்பர். இங்கே முதல் என்பது பொருள்; மண். இலக்கணத்திலோ 'குயவன் குடம் வனைந்தான்' என்னும் தொடரில் குயவன் வினைமுதல்; மண்ணுக்கு அப்பெயர் இல்லை. ஒரே குடத்தைப் பற்றிய இருவேறு கேள்விகளுக்கு இருவேறு முதல்கள் விடையாகின்றன. எதிலிருந்து வந்தது என்றால் மண். யாரால் வந்தது என்றால் குயவன்.

இலக்கணம் இன்னும் ஒருபடி நுட்பமாகச் செல்கிறது. அரசன் கோயில் கட்டினான் என்பதும் தச்சன் கோயில் கட்டினான் என்பதும் வழக்கில் உண்டு. முன்னவனை ஏவுதற் கருத்தா என்றும், பின்னவனை இயற்றுதற் கருத்தா என்றும் உரையாசிரியர் பிரித்துக் காட்டினர். பொருளை இடுபவர், ஏவுபவர், செய்பவர் என்னும் மூவரையும் வேறுபடுத்தும் கருவிகள் தமிழ் இலக்கணத்தில் முன்னரே இருந்தன. பொருளியல் கலைச்சொற்களை ஆக்கியோர் இவற்றின்பால் திரும்பவில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

சாவாத ஆடும் குறையாத காசும்

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் முதல் பற்றிய எண்ணம் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. நந்தா விளக்கொன்றுக்கு 96 ஆடுகளை அளித்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க இடையரிடம் ஒப்படைப்பது பரவலான வழக்கம். அவ்வாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாகும், மூப்படையும் என்பது கொடுத்தவருக்கும் கொண்டவருக்கும் தெரியாததன்று. சாகாதது ஆடன்று, 96 என்னும் எண். செத்த ஆட்டுக்கு ஈடாக வேறோர் ஆட்டை மந்தையில் நிறுத்தும் பொறுப்பு மேய்ப்பவரைச் சேர்ந்தது. முதலின் நிலைபேறு இவ்வாறு ஒருவரின் கடமையால் உண்டாக்கப்படுகிறது. அது பொருளின் இயல்பன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அல்லது 48 பசு என ஈடு வகுக்கப்பட்டிருப்பதும் இதனை உறுதிசெய்கிறது. எவ்விலங்கு என்பது இரண்டாவது கேள்வி. விளக்கெரியப் போதுமா என்பதே முதற்கேள்வி.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் காசு முதலீட்டையும் விரிவாகப் பதிவு செய்கின்றன. ஊர்ச் சபையார் கோயிலிடம் காசு பெற்று, ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசையாகச் செலுத்தினர். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. சில இடங்களில் காசொன்றுக்கு முக்குறுணி நெல் பொலிசையாயிற்று. பெற்ற காசைத் திருப்பி அடைக்கும் நாள் குறிக்கப்படவில்லை. சந்திரசூரியர் உள்ளளவும் முதல் நிற்க, பொலிசை மட்டும் வந்துகொண்டிருக்கும். இவ்வேற்பாட்டில் பொலிசை முதலோடு சேர்வதில்லை. ஆண்டுதோறும் விளக்காகவும் அமுதாகவும் செலவாகிவிடுகிறது. எட்டே ஆண்டுகளில் செலுத்திய பொலிசை முதலுக்குச் சமமாகிவிடும் என்பதையும் கருத வேண்டும். ஒன்பதாம் ஆண்டிலும் முதல் அப்படியே நிற்கும். அறக்கட்டளை என்ற வகையில் இது போற்றப்படுவது இயல்பு. பொலிசை செலுத்திய ஊராரின் பக்கமிருந்து இக்கணக்கைப் பார்த்த ஆய்வுகள் இன்னும் மிகுதியாக வரவேண்டும்.

'பொலிசை' என்னும் சொல்லைப் 'பொலி' என்பதனோடு இணைத்துக் காண்பது பொருந்தும். களத்தில் குவித்த நெல்லும் பொலி. இனம் பெருக்க விடும் காளை பொலிகாளை. விளைச்சலும் ஈற்றும் அச்சொல்லில் உள்ளன. அடுத்த விதைப்புக்கென ஒதுக்கிய நெல்லை 'விதைமுதல்' என்பதையும் இதனருகே வைத்துப் பார்த்தால் முதலும் பொலியும் ஒரு வேளாண் இணையாக அமைவது விளங்கும். விதைமுதலை உண்டவருக்கு அடுத்த பொலி இல்லை. 'பலிசை' என்னும் வடிவும் கல்வெட்டில் உண்டு. மலையாளத்தில் வட்டிக்கு இன்றும் 'பலிச' என்பதே பெயர். தமிழில் அச்சொல் மறைந்து 'வட்டி' நிலைத்துவிட்டது.

எந்தத் தொகை அசல்?

இன்றைய தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் முதலுக்கு 'அசல்' என்று பெயர். அரபி மூலத்திலிருந்து பாரசீக, உருது வழியாக ஆட்சிமொழியில் புகுந்த சொல் அது. அரபியிலும் அதற்கு வேர், மூலம் என்பனவே பொருள். சொல் மாறியபோதும் உருவகம் மாறவில்லை. வடமொழியின் 'மூலம்' என்பதும் வேரே. ஆரியபடீயத்தின் (கி.பி. 499) கணிதபாதம் 25ஆம் பாடலில் 'மூலம்' என்னும் ஒரே சொல் கடன் முதலையும் வர்க்கமூலத்தையும் குறித்து வருகிறது. ஒரு முதலுக்குக் கிடைத்த வட்டியை மீண்டும் வட்டிக்கு விட்டால் தொடக்க வட்டி எவ்வளவு என்று காண்பதே அப்பாடலின் கணக்கு. வட்டி முதலாக மாறுவது அக்காலத்திலேயே கணிதச் சிக்கலாகிவிட்டது.

அச்சிக்கல் இன்றைய வகுப்பறையிலும் சத்தமின்றித் தொடர்கிறது. 1,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு கூட்டு வட்டி என்றால், முதலாண்டு முடிவில் 1,100, இரண்டாம் ஆண்டு முடிவில் 1,210, மூன்றாம் ஆண்டு முடிவில் 1,331. படிப்படியாகச் செய்யும் முறையில் 'மூன்றாம் ஆண்டின் அசல் 1,210' என்று மாணவர் எழுதுகிறார். சூத்திரத்தின்வழிச் செய்யும்போது 'அசல் 1,000' என்று எழுதுகிறார். விடை ஒன்றே, சொல் இரு பொருளில் வருகிறது. முந்தைய முறையில் அசல் என்பது அவ்வாண்டு எதிலிருந்து வட்டி கணக்கிடப்படுகிறதோ அது. பிந்தையதில் உண்மையில் கைமாறிய பணம். இவ்வேறுபாட்டை ஆசிரியர் ஓரிரு வாக்கியங்களில் விளக்கிவிட இயலும். ஆனால் 'அசல்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'போலியல்லாதது' என்ற வலுவான பொருளும் இருப்பதால், 1,210 என்பதும் 'அசலே' என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதில் 210 ரூபாய் எவர் கையிலிருந்தும் எவர் கைக்கும் போகாத பணம்.

கடன் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நடப்பதும் இதுவே. மூன்றாண்டு வட்டி செலுத்தாதவரிடம் 1,331 ரூபாய்க்குப் புதிய பத்திரம் எழுதி வாங்கினால், அப்பத்திரத்தின் அசல் 1,331. பழைய ஆயிரம் காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் இயற்றப்பட்ட 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இவ்விடத்தில் தலையிட்டது. 1932 அக்டோபர் 1க்கு முன் விவசாயி பெற்ற கடனில், அசலைப் போல் இருமடங்கு எவ்வகையிலேனும் செலுத்தப்பட்டிருந்தால் கடன் முழுதும் தீர்ந்ததாகும் என்றது அதன் 8ஆம் பிரிவு. பத்திரம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் தொடக்கத்தில் கொடுத்த தொகையும், பின்னர் அசலாகவே கொடுத்தவையும் மட்டுமே அசல் என்று அப்பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது. மேற்காட்டிய கடனாளி 2,000 ரூபாய் செலுத்தியிருந்தால், ஆயிரம் அசல் என்ற கணக்கில் அவர் விடுபட்டவர். 1,331 அசல் என்றால் 2,662 செலுத்தும்வரை அவர் கடனாளியே. ஒரு சொல்லின் பொருளை எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி நிலம் மீள்வதா மூழ்குவதா என்னும் கேள்வியாகிவிட்டது. சட்டம் செய்தது ஒருவகையில் சொற்பொருள் ஆய்வு; 'முதல்' என்பதை அதன் பழம்பொருளான தொடக்கத்திற்கே அது கொண்டு சென்றது.

தண்டல் முறையில் மறைப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. எடுத்துக்காட்டாக, 10,000 ரூபாய் கடனென எழுதி, 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பதாகக் கொள்வோம். 'நூற்றுக்குப் பத்து' என்றே இது பேசப்படும். கைக்கு வந்தது 9,000 என்பதால் அதுவே முதல் என்பது ஒரு திருத்தம். ஆனால் அந்த 9,000மும் நூறு நாளும் கடன்பட்டவரிடம் இருப்பதில்லை. முதல்நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக அவர் கையில் நின்ற தொகை ஏறத்தாழ 4,550 ரூபாய். அத்தொகைக்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டு வீதம் ஏறத்தாழ 80 விழுக்காடு. தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு மிகைவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் கந்துவட்டியையும் பெயர் சுட்டியே வரையறுத்தது. பாடநூலின் தனிவட்டிக் கணக்கிலோ அசல் காலம் முழுதும் மாறாமல் நிற்பதாகவே கொள்ளப்படுகிறது. தெருவில் மாணவர் குடும்பம் சந்திக்கும் கடனைக் கணக்கிட அச்சூத்திரம் உதவாது. சோழர் காலச் சபையார் பெற்ற குறையாத காசுக்கு அது மிகப் பொருத்தமாக இருந்திருக்கும்.

மூலதனமும் முதலாளியும்

பொருளியல் தமிழ் 'மூலதனம்' என்பதை ஏற்றுக்கொண்டது. கார்ல் மார்க்சின் பெருநூல் தியாகுவின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தபோதும் அதுவே நூற்பெயராயிற்று. வழக்கில் ஊன்றிய சொல்லை எடுத்தாண்டது மொழிபெயர்ப்பாளரின் தெளிவான முடிவு. அதனைக் குறைகூற இடமில்லை. எனினும் அச்சொல்லில் 'தனம்' வெளிப்படையாக நிற்கிறது. செல்வம் என்னும் பொருளே படிப்பவர் மனத்தில் முந்துகிறது. மார்க்சின் வாதமோ மூலதனம் ஒரு பொருளன்று, ஒரு சமூக உறவு என்பது. சினையின்றி நில்லாத, ஊதியத்தை எதிர்நோக்கியே நிற்கும் 'முதல்' அவ்வாதத்திற்கு மேலும் நெருங்கிய சொல்லாக அமைந்திருக்கும்.

'முதலீடு' மட்டும் பழைய சொல்லைக் காத்துவந்தது. பொருளியலில் மூலதனம் என்பது ஒரு நாளில் கணக்கிடும் இருப்பு. முதலீடு என்பது ஒரு காலப்பகுதியில் அதனோடு சேரும் ஓட்டம். இவ்விரண்டும் நாளிதழ்த் தமிழில் மாறி மாறி வருகின்றன. 'நிறுவனத்தின் முதலீடு' என்னும்போது இருப்பா, இவ்வாண்டு இட்டதா என்று சூழலைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது. 'முதல்', 'முதலீடு' என ஒரே அடியில் இரண்டும் அமைந்திருந்தால், 'இடு' என்னும் வினையே வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

அண்டை மொழிகளில் இச்சொல்லின் பயணம் ஒப்புநோக்கத்தக்கது. மலையாளத்தில் 'முதல்' உடைமையையும் குறிக்கிறது; பொதுச்சொத்து அங்கே 'பொதுமுதல்'. சிங்களத்தில் 'முதல்' என்றால் பணம். ஊர்க்கடைக்காரர், வணிகர் 'முதலாளி' எனப்படுகிறார். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'மொதலு' தொடக்கத்தைக் குறிக்க, கடன்தொகைக்கு அசலின் திரிபே வழங்குகிறது. உறவுப்பொருள் நீங்கிப் பணப்பொருள் மட்டும் எஞ்சுவது சிங்களத்தில் நடந்து முடிந்திருக்கிறது. தமிழில் இரண்டும் இன்னும் அருகருகே வாழ்கின்றன.

'முதலாளி' என்னும் சொல்லமைப்பு முதலை ஆள்பவர் என்பதை மறைவின்றிச் சொல்கிறது. அதிலிருந்து ஆக்கிய 'முதலாளித்துவம்' ஒரு பொருளாதார அமைப்பை ஆளின் தன்மையாகப் பெயரிட்டுவிட்டது. நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்னும் பேச்சுக்குள் அமைப்பு பற்றிய விவாதம் எளிதில் வழுக்கி விழுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணம். 'முதலாளியம்', 'முதலியம்' என்னும் மாற்றுகளைச் சிலர் கையாள்கின்றனர். இவற்றுள் 'முதலியம்' ஆளை விடுத்து முதலை மையப்படுத்துவதால் சிறந்தது. பரவவில்லை என்பது வேறு.

மார்க்ஸ் மூலதனத்தை மாறா மூலதனம், மாறும் மூலதனம் எனப் பிரிக்கிறார். எந்திரமும் மூலப்பொருளும் தம் மதிப்பை விளைபொருளுக்கு மாற்றித் தருவதால் மாறாதவை. உழைப்புச் சக்திக்கு இட்ட பகுதி தன்னினும் மிகுதியான மதிப்பை விளைவிப்பதால் மாறுவது. தமிழ் வகுப்பறையில் இப்பகுதி விளங்குவது கடினம் என்ற எண்ணம் நிலவுகிறது. குடத்தின் எடுத்துக்காட்டு இங்கே பெரிதும் பயன்படும். மண்ணும் திரிகையும் முதற்காரணமும் துணைக்காரணமுமாக ஒரு பக்கம் நிற்கின்றன. 'வனைந்தான்' என்னும் வினைக்குரியவர் மறுபக்கம் நிற்கிறார். பட்டறையின் கணக்கேட்டில் அவர் கூலி மண்விலைக்கு அடுத்த வரியில் செலவாக எழுதப்படுகிறது. தொடரிலக்கணத்தில் அவருக்குப் பெயர் வினைமுதல்.